முதலில் திசைவேகம், பிறகு இடம்

ஈர்ப்பு விசையை நிரலாக எழுதிப் பழகும் எவருக்கும் முதலில் கைக்கு வருவது இரண்டு வரிகள். ஒன்று கோளின் திசைவேகத்தை மாற்றும். மற்றது அதன் இடத்தை மாற்றும். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும்போது இந்த இரு வரிகளும் 60 முறை ஓடும். நடுவில் நிற்கும் சூரியனை ஒரு சிறு புள்ளி சுற்றி வரத் தொடங்கும். 2001-இல் எம்.ஐ.டி மீடியா லேபில் கேசி ரீயஸும் பென் ஃப்ரையும் தொடங்கிய பிராசஸிங், 2012-இல் டேனியல் ஷிஃப்மன் வெளியிட்ட ‘தி நேச்சர் ஆஃப் கோட்’ என்ற நூல், 2013-இல் லாரன் மெக்கார்த்தி உருவாக்கிய பி5.ஜேஎஸ் ஆகிய மூன்றும் இந்தப் பயிற்சியை ஓவியர்களிடமும் பள்ளி மாணவர்களிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தன. கிரியேட்டிவ் கோடிங் என்று இதற்குப் பெயர். கணிதம் படித்தவர்களில் பலர் இதைச் சற்றுத் தாழ்வாகவே மதிப்பிடுகிறார்கள். நுண்கணிதம் தெரியாதவர்களுக்கான குறுக்கு வழி இது, உண்மையான அறிவு நீள்வட்டச் சமன்பாட்டில்தான் இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். வரலாறு இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது என்பதே என் வாதம். காலத்தைத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு முறை இழுத்து, ஒரு முறை நகர்த்திப் பார்ப்பது ஈர்ப்பு விசை பிறந்த வீட்டு முறை. நீள்வட்டச் சமன்பாடு அந்த வீட்டின் ஓர் அறை மட்டுமே.

1679 நவம்பரில் ராபர்ட் ஹூக், நியூட்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கோள்களின் இயக்கத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாமா என்பது அதில் அவர் கேட்டது: நேர்கோட்டில் தொடுதிசையில் செல்லும் இயக்கம் ஒன்று, மையத்தை நோக்கிய இழுப்பு மற்றொன்று. 1684 ஆகஸ்டில் எட்மண்ட் ஹாலி கேம்பிரிட்ஜுக்குப் போய், தூரத்தின் இருமடிக்குத் தலைகீழாகக் குறையும் விசை எப்படிப்பட்ட பாதையைத் தரும் என்று நியூட்டனிடம் கேட்டார். அந்தக் கேள்வியில் தொடங்கிய வேலைதான் 1687-இல் ‘பிரின்கிப்பியா’ நூலாக வெளிவந்தது. அந்நூலின் முதல் பகுதியில் முதல் தேற்றத்துக்கு ஒரு படம் உண்டு. அதை நிதானமாகப் பார்க்க வேண்டும். விசையின் மையத்தை ‘சூ’ என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொருள் ஒரு காலத்துண்டில் ‘அ’ என்ற இடத்திலிருந்து ‘ஆ’ வரை நேர்கோட்டில் செல்கிறது. யாரும் இழுக்காவிட்டால் அடுத்த துண்டில் அதே கோட்டில் அதே தூரம் போய் ‘ஈ’யை அடைந்திருக்கும். ஆனால் ‘ஆ’வை அடைந்த கணத்தில் மையத்தை நோக்கி ஒரு சுண்டு விழுகிறது. அதனால் பொருள் திசை மாறி ‘ஈ’க்குப் பதில் ‘இ’யில் போய் நிற்கிறது. ‘ஈ’யையும் ‘இ’யையும் சேர்க்கும் கோடு, ‘சூ’வையும் ‘ஆ’வையும் சேர்க்கும் கோட்டுக்கு இணையாக இருக்கும், ஏனென்றால் சுண்டு விழுந்த திசை அதுதான். சூ-அ-ஆ, சூ-ஆ-ஈ என்ற இரு முக்கோணங்களுக்கும் அடிப்பக்கம் சமம், உச்சி ஒன்று. ஆகவே பரப்பு சமம். சூ-ஆ-ஈ, சூ-ஆ-இ என்ற இரண்டும் ஒரே அடிப்பக்கத்தின் மேல் இணைகோடுகளுக்கு நடுவே நிற்பவை. அவற்றின் பரப்பும் சமம். சம காலத்தில் சம பரப்பு என்ற கெப்ளரின் இரண்டாம் விதி, ஒன்பதாம் வகுப்பு வடிவியலோடு முடிந்துவிட்டது.

இந்தப் படத்தை நிரலாக எழுதினால் என்ன வரும்? ‘ஆ’வில் இருக்கும்போது அங்குள்ள இழுப்பைக் கணக்கிடு, திசைவேகத்தை மாற்று, மாறிய திசைவேகத்தோடு ஒரு துண்டு நகர்த்து. ஷிஃப்மனின் நூலில் மாணவர் எழுதும் இரண்டு வரிகளும் அதே வரிசையில்தான் வருகின்றன. முதலில் திசைவேகத்தோடு முடுக்கத்தைக் கூட்டு, பிறகு இடத்தோடு திசைவேகத்தைக் கூட்டு. இந்த வரிசை ஏதோ வசதிக்காக வந்தது என்று தோன்றலாம். மாற்றிப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். கோள் சூரியனிலிருந்து 1 அலகு தூரத்தில் நின்று, குறுக்காக 1 அலகு வேகத்தில் செல்கிறது என்று வைப்போம். ஈர்ப்பின் வலிமையும் 1. இயற்கையில் இது சுத்தமான வட்டப் பாதை. காலத்துண்டு 0.1. பழைய திசைவேகத்தைக் கொண்டே முதலில் இடத்தை மாற்றினால் கோள் (1, 0.1) என்ற புள்ளிக்குப் போகும், திசைவேகம் (−0.1, 1) ஆகும். கோண உந்தம் 1 ஆக இருந்தது 1.01 ஆகிவிட்டது. ஆற்றல் −0.5-லிருந்து −0.49-க்கு ஏறிவிட்டது. ஒரே அடியில் நூற்றுக்கு இரண்டு பங்கு பிழை. இது ஒவ்வோர் அடியிலும் சேர்ந்துகொண்டே போய், கோள் சுருள் சுருளாக வெளியேறி ஓடிவிடும். இப்போது நியூட்டனின் வரிசை. திசைவேகம் முதலில் (−0.1, 1) ஆகிறது, அதைக் கொண்டு நகர்த்தினால் இடம் (0.99, 0.1). கோண உந்தம் 0.99-ம் 0.01-ம் சேர்ந்து மிகச் சரியாக 1. ஆற்றல் −0.49999. செலவழித்த கணக்கு இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு எந்த வரி முதலில் என்பது மட்டும். கோண உந்தம் என்பது முக்கோணப் பரப்பின் இரு மடங்குக் கணக்கு. ஆகவே நியூட்டனின் முதல் தேற்றம், இந்த இரண்டு வரி நிரல் எவ்வளவு பெரிய காலத்துண்டிலும் கெப்ளரின் இரண்டாம் விதியை மீறாது என்பதற்கான நிரூபணமாகவும் நிற்கிறது. கணினி வருவதற்கு 260 ஆண்டுகளுக்கு முன்பே அது எழுதப்பட்டுவிட்டது.

இங்கே ஓர் எதிர்ப்பு எழும். நியூட்டன் அந்தப் பலகோணத்தோடு நிற்கவில்லை. துண்டுகளை எண்ணற்றதாக்கி, அகலத்தைச் சுருக்கி, வளைகோட்டை அடைந்தார். பலகோணம் அவருக்குச் சாரம் போன்றது, கட்டடம் முடிந்ததும் பிரிக்கப்பட வேண்டியது என்பார்கள். பாதி சரி. தலைகீழ் இருமடி விசைக்கும் நீள்வட்டத்துக்கும் உள்ள உறவை அவர் எல்லைக்குப் போகும் வடிவியலால்தான் காட்டினார். பலகோணத்தில் அது கிடைக்காது. பெரிய காலத்துண்டு வைத்து ஓட்டிப் பார்த்தால் நீள்வட்டம் ஓரிடத்தில் நிலைக்காமல் தன் நீண்ட அச்சை மெல்லத் திருப்பிக்கொண்டே போவதைத் திரையில் காணலாம். ஆனால் பரப்பு விதி எல்லை வரை காத்திருப்பதில்லை. முதல் துண்டிலேயே அது முழுமையாக இருக்கிறது. நறுக்கினாலும் சிதையாத விதி எது, நறுக்கலை நுணுக்கினால் மட்டும் வெளிப்படும் விதி எது என்ற பாகுபாடு நீள்வட்டச் சமன்பாட்டை நேரடியாகப் படிப்பவர் கண்ணில் படுவதே இல்லை. அடி அடியாகக் கணக்கிடுபவர் முதல் நாளே அதில் முட்டிக்கொள்வார். ஹூக்கும் சும்மா இருக்கவில்லை. 1685 செப்டம்பர் தேதியிட்ட அவருடைய கையெழுத்துத் தாளில், தூரத்துக்கு நேர் விகிதமாக வளரும் விசைக்கு இப்படியே சுண்டு சுண்டாகக் கணக்கிட்டு வரைந்த பாதை இருக்கிறது. அளவுகோலும் காம்பஸும் கொண்டு காகிதத்தில் செய்த சிமுலேஷன் என்று அதைச் சொல்லத் தடையில்லை.

அடுத்த நூற்றாண்டில் இந்த வேலை மனித உடலை வருத்தும் வேலையாக மாறியது. 1682-இல் தெரிந்த வால்நட்சத்திரம் 1758 முடிவை ஒட்டி மீண்டும் வரும் என்று ஹாலி சொல்லிவிட்டு இறந்துபோனார். சூரியனும் வால்நட்சத்திரமும் மட்டும் இருந்தால் நீள்வட்டமே போதும். ஆனால் வழியில் வியாழனும் சனியும் இழுக்கின்றன. மூன்று பொருள் சேர்ந்துவிட்டால் சமன்பாட்டைத் தீர்த்து விடையை ஒரு வரியில் எழுத வழியில்லை. பாரிஸில் அலெக்சி கிளேரோ, ஜெரோம் லாலாந்து, நிக்கோல்-ரேன் லெபோத் என்ற மூவரும் 1757-இல் அந்தக் கணக்கைக் கையில் எடுத்தனர். லெபோத் அரச கடிகாரக் கைவினைஞரின் மனைவி; கணவரின் நூலுக்கு ஊசல் நீள அட்டவணையைக் கணக்கிட்டுத் தந்து பழகியவர். லாலாந்தும் லெபோத்தும் ஒரு மேசையில் அமர்ந்து, சுமார் 150 ஆண்டுப் பாதையைப் பாகை பாகையாகப் பிரித்து, ஒவ்வொரு பாகையிலும் வியாழன் எவ்வளவு தூரம், சனி எவ்வளவு தூரம், எந்தத் திசையில் எவ்வளவு இழுப்பு என்று எழுதிக்கொண்டே போனார்கள். காலையிலிருந்து இரவு வரை, சில நாட்கள் சாப்பாட்டு நேரத்திலும் கூட, ஆறு மாதங்கள் கணக்கிட்டதாகவும் அந்த உழைப்பு தம் உடல்நலத்தையே கெடுத்துவிட்டதாகவும் லாலாந்து பிற்பாடு எழுதினார். லெபோத் இல்லாமல் அந்த வேலையைத் தொடத் துணிந்திருக்கவே மாட்டோம் என்பதும் அவர் வாக்குமூலம். வால்நட்சத்திரம் முந்திக்கொண்டுவிடுமோ என்ற பதற்றத்திலேயே அவர்கள் ஓடினார்கள். 1758 நவம்பர் 14-ஆம் தேதி கிளேரோ முடிவைப் பாரிஸின் அறிவியல் அகாடமியில் அறிவித்தார். வியாழனால் 518 நாள், சனியால் 100 நாள், ஆக 618 நாள் தாமதம். சூரியனுக்கு மிக அருகில் வருவது 1759 ஏப்ரல் நடுவில், ஒரு மாதம் முன்பின் இருக்கலாம். 1758 டிசம்பர் 25-ஆம் தேதி சாக்சனியில் பாலிட்ச் என்ற விவசாயி வால்நட்சத்திரத்தை முதலில் கண்டார். அது சூரியனை நெருங்கியது மார்ச் 13. 76 ஆண்டுக் காலத்தில் ஒரு மாதப் பிழை. அன்று யுரேனஸும் நெப்டியூனும் இருப்பதே யாருக்கும் தெரியாது. 1760-இல் நூல் வெளிவந்தபோது கிளேரோ லெபோத்துக்கான நன்றியை நீக்கிவிட்டார். அது அநியாயம். லெபோத்தின் பெயரை வரலாற்றில் நிலைநிறுத்தியவர் லாலாந்துதான்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மூவரும் நீள்வட்டத்தைக் கைவிடவில்லை. அதை அடித்தளமாக வைத்து அதிலிருந்து ஏற்படும் விலகல்களையே கூட்டினார்கள். இன்றைய மாணவர் எழுதும் நிரலில் நீள்வட்டம் என்ற சொல்லே கிடையாது. அந்த எல்லைக்குப் போவதற்கு இன்னும் 150 ஆண்டுகள் பிடித்தன.

அதற்குள் வேறொரு எதிர்ப்பையும் பார்த்துவிடலாம். தமிழ் வாசகருக்கு அது இயல்பாகவே தோன்றக்கூடியது. விசை என்ற கருத்தே இல்லாமல், அடி அடியாக எதையும் இழுக்காமல், வானத்தைத் துல்லியமாகக் கணித்தவர்கள் நம்மிடம் இருந்தார்களே என்பது அது. இருந்தார்கள். 1825-இல் சென்னையில் ‘கால சங்கலிதம்’ நூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, அந்த ஆண்டு மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். வாக்கிய முறையின் உயிர் 248 நாள் என்ற சுழற்சி. சந்திரன் பூமிக்கு அருகில் வந்து விலகி மீண்டும் அருகில் வரும் காலம் ஒன்பது முறை கழிந்தால் கிட்டத்தட்ட 248 நாள் ஆகும். அந்த 248 நாட்களுக்கும் சந்திரன் நிற்கும் இடத்தை ஒவ்வொரு வாக்கியமாக்கி, எழுத்துகளுக்கு எண் மதிப்புத் தரும் கடபயாதி முறையில் நினைவில் ஏற்றிக்கொண்டால் போதும். நினைவையும் சுழற்சியையும் கொண்டு இவ்வளவு தூரம் போக முடிந்தது பெரும் சாதனை. அதைக் குறைத்துச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. ஆனால் அந்த முறையால் கேட்க முடியாத கேள்வி ஒன்று இருக்கிறது. இதுவரை ஒரு முறைகூட வராத பொருள் வந்தால் எங்கே போகும்? இருக்கும் கோளின் நிறை இரட்டிப்பானால் என்ன ஆகும்? சுழற்சியை அறிந்தவர் திரும்ப வருவதைச் சொல்வார். இழுப்பை அறிந்தவர் வராததையும் நடத்திப் பார்ப்பார். சிமுலேஷன் என்ற செயலின் தனித்தன்மை அதில்தான் இருக்கிறது. வானத்தில் இல்லாத இரண்டாம் சூரியனை ஒரு மாணவி திரையில் வைக்கும்போது அவள் செய்வது எந்தப் பஞ்சாங்கத்தாலும் செய்ய முடியாத வேலை.

நீள்வட்டத்தை முழுதாகக் கைவிட்டவர்கள் கிரீன்விச் வானாய்வகத்தின் பிலிப் கௌவலும் ஆண்ட்ரூ குரோம்லினும். 1908-இல் கண்டுபிடிக்கப்பட்ட வியாழனின் எட்டாம் நிலவு அவர்களை அதற்குத் தள்ளியது. அது வியாழனிலிருந்து மிகத் தள்ளிச் சுற்றுவது. சூரியனின் இழுப்பு அதை ஓயாமல் அலைக்கழிப்பதால் எந்த நீள்வட்டத்தை அடித்தளமாக வைத்தாலும் விலகல் பெருகிவிடும். ஆகவே இடம், முடுக்கம், அடுத்த இடம் என்று நேரடியாக எண்களையே கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு அதே முறையில் ஹாலி வால்நட்சத்திரத்தின் 1910 வருகையைக் கணக்கிட்டார்கள். சூரியனுக்கு அருகே காலத்துண்டு சிறியது, தொலைவில் பெரியது. வால்நட்சத்திரம் ஏப்ரல் 20-இல் சூரியனை நெருங்கியது. அவர்கள் சொன்னதைவிடச் சுமார் மூன்று நாள் தாமதம். கோள்களின் இழுப்பைச் சரிபார்த்தும் அந்த மூன்று நாளுக்குக் கணக்கு கிடைக்கவில்லை. 1950-இல் ஃபிரெட் விப்பிள் விடை தந்தார். வால்நட்சத்திரம் தூசு கலந்த பனிக்கட்டி; வெயில் பட்டதும் ஆவி பீறிட்டு அதையே சிறிது தள்ளிவிடுகிறது. கூட்டல் கழித்தல் சரியாக இருந்தது. அவற்றுக்குக் கொடுத்த விசைப் பட்டியலில்தான் ஒன்று விடுபட்டிருந்தது. அடி அடியாகக் கணக்கிடுவது தோராயம் என்று இகழ்பவர்கள் இந்த மூன்று நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். கணக்கின் பிழை இவ்வளவுதான் என்று தெரிந்த இடத்தில், மிச்சம் நிற்கும் பிழை புதிய இயற்பியலாகிறது.

இதற்குப் பிறகு கருவிகள் மாறின. நியூயார்க்கில் தெருவில் போகிறவர்கள் கண்ணாடி வழியே நின்று பார்க்கும்படி வைக்கப்பட்டிருந்த ஐ.பி.எம் இயந்திரத்தில், வாலஸ் எக்கர்ட் குழுவினர் வியாழன் முதல் புளூட்டோ வரை அன்று கோள்களாக எண்ணப்பட்ட ஐந்தையும் 1653-லிருந்து 2060 வரை 40 நாள் துண்டுகளாக ஓட்டி, 1951-இல் அட்டவணையாக வெளியிட்டார்கள். கருவி மாற்றங்களில் என்னை மிகவும் கவர்வது அதற்குப் பத்தாண்டு முந்தியது. ஸ்வீடனின் லுண்டில் எரிக் ஹோல்ம்பெர்க், இரண்டு விண்மீன் மண்டலங்கள் ஒன்றையொன்று கடந்தால் என்ன ஆகும் என்று பார்க்க விரும்பினார். ஒரு மண்டலத்துக்கு 37 ஆக 74 மின்விளக்குகளை ஒரு பரப்பில் அடுக்கினார். ஒளியும் தூரத்தின் இருமடிக்குத் தலைகீழாகக் குறையும். ஈர்ப்பும் அப்படியே குறையும். ஆகவே ஒரு விளக்கு நிற்க வேண்டிய இடத்தில் ஒளிமின்கலத்தை வைத்து, எந்தத் திசையிலிருந்து எவ்வளவு ஒளி விழுகிறது என்று அளந்தால், மற்ற எல்லா விளக்குகளும் சேர்ந்து இழுக்கும் மொத்த இழுப்பே கிடைத்துவிடும். அளந்து, திசைவேகத்தை மாற்றி, விளக்கை நகர்த்தி, மறுபடி அளந்து என்று 74 விளக்குகளையும் கையால் நகர்த்தினார். 1941-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில், கடந்து போகும் மண்டலங்களில் கடலோதம் போன்ற வீக்கங்கள் எழுவதையும், ஆற்றல் குறைந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வாய்ப்பிருப்பதையும் காட்டினார். இழுப்பைக் கணக்கிடும் வேலையை ஒளியிடம் விட்டுவிட்டு, நகர்த்தும் வேலையை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டார் அவர். கலைஞர்கள் கையில் இந்தப் பயிற்சி போனதைக் குறையாகச் சொல்பவர்களுக்கு இதைவிடக் கலைநயமான சோதனையை அறிவியலிலிருந்து நான் எடுத்துக் காட்ட முடியாது.

கற்பித்தல் என்ற பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதற்கு உறுதியான முன்மாதிரி இருக்கிறது. 1961-இல் கால்டெக்கில் முதலாண்டு மாணவர்களுக்கு ரிச்சர்ட் ஃபெய்ன்மன் விரிவுரை நடத்தத் தொடங்கியபோது, இயக்க விதிகளைச் சொன்ன கையோடு கோளின் பாதையைக் கரும்பலகையிலேயே எண்களாகக் கணக்கிட்டுக் காட்டினார். ஈர்ப்பின் வலிமை 1; கோள் 0.5 அலகு தூரத்தில். குறுக்கு வேகம் 1.63, காலத்துண்டு 0.1. முதலில் அரைத் துண்டு மட்டும் இழுத்துத் திசைவேகத்தை (−0.2, 1.63) ஆக்குகிறார். அதனால் கோள் (0.48, 0.163)-க்கு நகர்கிறது. அங்கே தூரம் 0.507, இழுப்பு (−3.68, −1.25). திசைவேகம் (−0.568, 1.505) ஆகிறது, கோள் (0.423, 0.313)-இல் போய் நிற்கிறது. இப்படியே சுமார் 20 அடிகளில் கோள் சூரியனைச் சுற்றி மறுபக்கம் வந்துவிடுகிறது. தொடக்கத்தில் அந்த அரைத் துண்டு இழுப்பு மட்டுமே கூடுதல் நுணுக்கம். மற்றபடி நியூட்டனின் பலகோணமே. 1967-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லூப் வெர்லே 864 ஆர்கான் அணுக்களை ஓட்டியதும் இதே குடும்பத்து முறையில்தான். நீள்வட்டத்தை நிரூபிக்கத் தெரிந்த ஃபெய்ன்மன், மாணவர்களுக்கு முதலில் இந்த 20 அடிகளைக் காட்டத் தேர்ந்தெடுத்தார். சமன்பாடு என்பது அடுத்து என்ன நடக்கும் என்பதற்கான கட்டளை என்று அவர்கள் உணர வேண்டியிருந்தது. ஒன்பது கோள்களையும் இதே முறையில் ஓட்டலாம் என்று அவர் சொல்ல முடிந்ததும் அதனால்தான்.

விளையாட்டுத்தனம் என்ற குற்றச்சாட்டு மீதி இருக்கிறது. 1962-இல் எம்.ஐ.டி-யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பி.டி.பி-1 கணினியில் எழுதிய ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டில் நடுவே ஒரு விண்மீன் உண்டு. அதன் ஈர்ப்பை டான் எட்வர்ட்ஸ் எழுதினார். இரண்டு விண்கலங்களும் அந்த இழுப்பில் வளைந்து செல்லும். ஆனால் அவை எய்யும் குண்டுகள் நேர்கோட்டில் போகும். எல்லாக் குண்டுகளுக்கும் இழுப்பைக் கணக்கிட அந்த இயந்திரத்துக்கு நேரம் போதவில்லை. இன்றைய கிரியேட்டிவ் கோடிங் பாடங்களிலும் இப்படிப்பட்ட சலுகைகள் உண்டு. இரண்டு பொருள்கள் மிக நெருங்கினால் தூரத்தை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகவிடாமல் தடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் விசை எல்லையின்றிப் பெருகி, புள்ளி திரையை விட்டே பறந்துவிடும். இது ஏமாற்று என்று சொல்பவர்கள், 1963-இல் கேம்பிரிட்ஜில் ஸ்வெர்ரே ஆர்செத் விண்மீன் மண்டலக் கூட்டங்களை ஓட்டியபோது இதே நோக்கத்தில் நெருக்கத்தின் விசையை மட்டுப்படுத்தினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த உத்தி இன்றும் ஆராய்ச்சியில் புழங்குகிறது. எங்கே விதியைத் தளர்த்தினோம் என்பதை மறைத்தால்தான் அது ஏமாற்று.

உண்மையில் வலுவான எதிர்ப்பு வேறு. திரையில் வரும் படம் அழகாக இருப்பதாலேயே அதை நம்பிவிடுவோம் என்பது. இதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். வரிசை மாறிய இரண்டு வரிகளும் ஒரு நிமிடத்துக்கு அழகான பாதையைத்தான் காட்டும். மூன்று பொருள்கள் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். தொடக்கத்தில் இருக்கும் மிகச் சிறு வேறுபாடு முடிவில் அடையாளம் தெரியாமல் பெருகலாம் என்பதை ஆன்றி புவான்கரே 1890-இல் காட்டிய ஆய்வு, எந்த நிரலுக்கும் விதித்த எல்லை. ஆனால் இதற்கான மருந்தும் அதே பயிற்சிக்குள் இருக்கிறது. ஒவ்வோர் அடியிலும் மொத்த ஆற்றலையும் கோண உந்தத்தையும் திரையின் ஓரத்தில் எண்ணாக அச்சிட்டால் போதும். அவை நகரத் தொடங்கினால் படம் பொய் சொல்கிறது. காலத்துண்டைப் பாதியாக்கி மறுபடி ஓட்டி, விடை மாறுகிறதா என்று பார்ப்பது இரண்டாவது சோதனை. நம் பாடநூல்களில் மாறாமை விதிகள் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் வாசகங்களாகவே தங்கிவிடுகின்றன. தன் நிரல் சரியா என்று அறிய வேறு வழியில்லாத மாணவிக்கு அவை உயிருள்ள கருவிகள். நம் வகுப்பறைகளில் இந்தப் பயிற்சிக்கு இடம் தர வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

நிரூபணம் முந்தியா, ஓட்டிப் பார்த்தல் முந்தியா என்ற கேள்விக்கு அண்மைக் காலம் தந்த ஒரு விடையும் உண்டு. 1993-இல் கிரிஸ் மூர் என்ற இயற்பியலாளர், சம நிறை கொண்ட மூன்று பொருள்கள் ஒரே எட்டு வடிவப் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்க முடியும் என்று கணினியில் கண்டார். அப்படி ஒரு பாதை உண்மையிலேயே உண்டு என்பதை அலேன் ஷென்சினரும் ரிச்சர்ட் மான்ட்கோமரியும் 2000-இல் நிரூபித்தார்கள். அதற்கான தொடக்க எண்களைக் கார்லெஸ் சிமோ நுணுக்கமாகக் கணக்கிட்டுத் தந்தார். மூன்று நிறைகளும் 1, ஈர்ப்பு மாறிலியும் 1. முதல் பொருள் (0.97000436, −0.24308753)-இல், இரண்டாவது அதற்கு நேரெதிர்ப் புள்ளியில், மூன்றாவது நடுவில். நடுவிலிருப்பதன் திசைவேகம் (−0.93240737, −0.86473146), மற்ற இரண்டுக்கும் அதில் பாதி, எதிர்த்திசையில். காலத்துண்டு 0.001 வைத்து, மூன்று பொருள்களின் திசைவேகங்களையும் முதலில் மாற்றிவிட்டுப் பிறகு இடங்களை மாற்றினால், சுமார் 6.33 அலகு காலத்துக்கு ஒரு முறை மூன்றும் தொடங்கிய இடங்களுக்கே வந்து சேரும்.